அறையிலிருந்து முகத்துக்கு: வீட்டு வாழ்க்கையும் மனநிலையும் பேசும் உருவச்சித்திரம் தீட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் இருக்கும் ஒருவரை உருவச்சித்திரமாகத் தீட்ட முற்படுபவர்களில் பெரும்பாலோர் முகத்தில்தான் தொடங்குகிறார்கள். கண், மூக்கு, உதடு எல்லாம் ஒழுங்காக அமைந்து, பார்ப்பவர்கள் "அப்படியே உங்கள் அம்மாதான்" என்று சொல்லிவிட்ட பிறகு, சுற்றி மிஞ்சியிருக்கும் இடத்தை ஏதோ ஒரு மங்கலான பழுப்பு நிறத்தால் நிரப்பி முடிக்கிறார்கள். சாயல் வந்துவிடுகிறது, ஆனால் அவர் எந்த வீட்டில், எந்த வேளையில், என்ன மனநிலையில் இருந்தார் என்பது படத்துக்குள் வருவதில்லை. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் அறை, அடுத்து அறைக்கும் ஆளுக்கும் உள்ள உறவு, அதன்பின் உடல், கடைசியாக முகம். வீட்டு வாழ்க்கையைக் காட்டும் படத்தில் மனநிலையைச் சுமப்பது முகபாவம் அன்று. அந்த ஆளை அறை எவ்வாறு தாங்குகிறது, நெருக்குகிறது, அல்லது கைவிடுகிறது என்பதே என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தைலவண்ணத்துக்கும் (எண்ணெயில் குழைத்த வண்ணம்) அக்ரிலிக்குக்கும் (நீரில் கலக்கும் வண்ணம்) பொருந்தும்படியே கீழுள்ளவற்றை எழுதியிருக்கிறேன். ஓரளவு பென்சில் பயிற்சி உள்ளவர்கள், ஒரு முகத்தை விகிதம் தவறாமல் வரையத் தெரிந்தவர்கள், இதைப் பின்பற்றலாம்.

படி 1: தீட்டுவதற்கு முன் ஒரு படத்தை நிதானமாகப் படித்தல்

பிரெஞ்சு ஓவியர் எதுவார் வுய்யார் (1868–1940) 1893 வாக்கில் தீட்டிய, தம் தாயும் சகோதரியும் இடம்பெறும் படம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 46 செ.மீ. உயரமும் 56 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய படம். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வுய்யாரின் தாய் வீட்டிலேயே மகளிர் உள்ளாடை தைக்கும் தொழில் நடத்தியவர். திருமணம் செய்துகொள்ளாத வுய்யார், 1928இல் தாய் இறக்கும் வரை, அதாவது தம் அறுபது வயது வரை, அவருடனேயே வாழ்ந்தார். ஆகவே அவர் தீட்டியது வேடிக்கை பார்க்கப் போன இடத்தை அல்ல, நாள்தோறும் சாப்பிட்டுத் தூங்கிய இடத்தை.

படத்தில் தாய் கறுப்பு உடையில், கால்களை அகற்றி, கைகளைத் தொடைமேல் ஊன்றி, நேராக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உடையில் மடிப்பே தெரியவில்லை; ஒரே கறுப்புத் திரளாக அது படத்தின் நடுவை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கறுப்புக்கு வெளியே முகமும் கைகளும் மட்டும் பளிச்சிடுகின்றன. இடப்பக்கம் மகள் சுவரோடு ஒட்டி நிற்கிறார், அல்லது நிற்க முயல்கிறார். நிமிர்ந்தால் சட்டத்தில் தலை இடிக்கும் என்பதைப்போல உடல் வளைந்திருக்கிறது. அவருடைய கட்டம்போட்ட உடையும் சுவர்த்தாளின் புள்ளிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுவதால், ஆள் எங்கே முடிகிறார், சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. தரையோ நம்மை நோக்கிச் சரிந்து இறங்குகிறது.

யாரும் அழவில்லை, யாரும் முறைக்கவில்லை. இரண்டு முகங்களும் மிகக் குறைந்த தூரிகைத் தொடுகைகளால் ஆனவை. ஆனாலும் அந்த அறை யாருடையது, அதில் மூச்சு முட்டுபவர் யார் என்பதில் பார்ப்பவருக்குச் சந்தேகம் எழுவதில்லை. அதை நமக்குச் சொன்னவை நான்கு: இருண்ட திரள், கரைந்துபோன விளிம்பு, துணியையும் சுவரையும் இணைத்த வேலைப்பாடு, சரிந்த தரை. இந்த வழிகாட்டியின் மற்றப் படிகள் எல்லாம் இந்த நான்கையும் உங்கள் வீட்டில் கையாளுவது எப்படி என்பதைப் பற்றியவையே.

இந்தப் படியில் செய்ய வேண்டிய பயிற்சி எளியது. அந்தப் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, அஞ்சலட்டை அளவுத் தாளில், வெளிர், இடைநிலை, கருமை என்ற மூன்று டோன்களில் மட்டும் நகலெடுங்கள். முகங்களுக்குக் கண் போடவே கூடாது. நகல் முடிந்த பிறகும் அந்த அறையின் இறுக்கம் தாளில் இருந்தால் பயிற்சி பலித்துவிட்டது.

படி 2: மனநிலையை வாக்கியமாக எழுதுதல்

"சோகம்", "அமைதி", "மகிழ்ச்சி" போன்ற ஒற்றைச் சொற்களை வைத்துக்கொண்டு எதையும் தீட்ட முடியாது. அவை எந்த நிறத்தையும் எந்த இடத்தையும் உங்களுக்குச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக வேளையும் இடமும் உடலும் அடங்கிய ஒரு வாக்கியத்தை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். உதாரணமாக: "மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் துலக்குவதற்கு முன்பு கிடைக்கிற கால் மணி நேரத்தில், அத்தை சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்; தூங்கவும் நேரமில்லை, எழுந்திருக்கவும் மனமில்லை."

இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பாதிப் படம் தானாகவே வந்துவிடும். மதியம் என்பதால் வெளியே கண்கூசும் வெளிச்சமும் உள்ளே இருட்டும் இருக்கும். வாசற்படி என்பதால் அவர் இரண்டு அறைகளுக்கு நடுவே, எதிலும் முழுமையாக இல்லாமல் இருக்கிறார். உடலின் எடை நிலைப்படியில் சாய்ந்த ஒரு தோளில் இறங்கியிருக்கும். பின்னால் தெரியும் சமையல் மேடை வேலை காத்திருப்பதைச் சொல்லும். சோர்வு என்ற சொல்லை எழுதாமலேயே சோர்வைத் தீட்டத் தேவையான அனைத்தும் கையில் வந்துவிட்டது. படம் பாதியில் தடுமாறும்போது திரும்பிப் பார்க்க வேண்டியதும் இந்த வாக்கியத்தைத்தான்.

படி 3: உட்கார வைத்தல்

"பாட்டி, உங்களை வரையப் போகிறேன்" என்று சொன்ன உடனே என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். "இருடா கண்ணு, வேற புடவை கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று பாட்டி எழுந்து போவார். தலைசீவி, பொட்டு வைத்து, நாற்காலி நுனியில் விறைத்து உட்கார்ந்து, கல்யாண வீட்டுப் புகைப்படத்துக்குப் போல நேராகப் பார்ப்பார். அந்த நிலையை மறுக்க வேண்டாம். அதையும் ஒரு சிறு படமாக வரைந்து அவரிடமே கொடுத்துவிட்டு, அடுத்த நாள் அவர் கீரை ஆய்ந்துகொண்டோ, பூக்கட்டிக்கொண்டோ, ரேடியோ கேட்டுக்கொண்டோ இருக்கும்போது உங்கள் வேலையைத் தொடங்கலாம். கையில் வேலை உள்ளவர் நம் பார்வையை விரைவில் மறந்துவிடுவார். வரையப்படுவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அவர் சம்மதித்திருக்கவும் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒரே நிலையில் இருபது நிமிடங்களுக்கு மேல் யாரையும் இருக்கச் சொல்லாதீர்கள். வயதானவர்களுக்கு அதுவே அதிகம். அவர் எழுந்து போகும் முன் நாற்காலிக் கால்கள், பாதங்கள் இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் தரையில் குறித்துக்கொண்டால், திரும்பி வந்து அதே கோணத்தில் அமர முடியும். உங்கள் ஈசலின் (படத்தை நிறுத்தி வைக்கும் தாங்கியின்) கால்களையும் குறித்துவையுங்கள். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

புகைப்படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கைப்பேசியை மிக அருகில் வைத்து எடுத்தால் மூக்கும் முழங்காலும் பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய்விடும். 2.5 முதல் 3 மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுப்பது நல்லது. ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என இரண்டு படங்கள் எடுக்க வேண்டும். ஒரே படத்தில் எடுத்தால் நிழல் முழுதும் வெறும் கறுப்பாகிவிடும், வீட்டு வாழ்க்கை நடப்பதோ அந்த நிழலுக்குள்தான்.

இன்னொரு வழியும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் பியர் பொன்னார் (1867–1947) தம் மனைவி மார்த்தை மேசையிலும் குளியலறையிலும் பலமுறை தீட்டியவர். ஆனால் மார்த்தை எதிரே உட்கார வைத்துத் தீட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. சிறிய நாட்குறிப்பேட்டில் பென்சிலால் கிறுக்கி, அன்றைய வானிலையையும் குறித்துக்கொண்டு, பிறகு சுவரில் ஆணியடித்த கித்தானில் (ஓவியத் துணியில்) நினைவிலிருந்து தீட்டுவார். நினைவு முக்கியமில்லாததைக் கழித்துவிடும் என்பதால், வீட்டு மனிதர்களைத் தீட்டும்போது இதை ஒரு முறையாவது முயன்று பார்ப்பது பயன் தரும்.

படி 4: வெளிச்சம்

ஓவியப் பாடநூல்கள் எல்லாம் வடக்குப் பார்த்த ஜன்னலைத்தான் பரிந்துரைக்கின்றன. நாள் முழுதும் நேர் வெயில் படாது, வெளிச்சம் மாறாது என்பது காரணம். இது பாரிசுக்கும் லண்டனுக்கும் பொருந்தும் விதி. சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர் வடக்கே நிற்கும். மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இந்தக் காலம் இன்னும் நீளம். அந்த மாதங்களில் நம் வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். தெற்கு ஜன்னலே நிதானமான வெளிச்சம் தரும். எனவே புத்தகத்தை நம்பி இடம் தேடாமல், நீங்கள் தேர்ந்த வேளையில் இரண்டு மூன்று நாட்கள் அறையைக் கவனித்துவிட்டு முடிவெடுங்கள்.

மாறும் வெயிலைத் தீட்டியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு நாளும் ஒரே அரை மணி நேரம் மட்டும் வேலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் ஒருவர் மடியில் விழுந்து நகர்வது அருமையான பொருள். முதல் நாளே அதன் இடத்தைக் குறித்துவிட்டு, பிறகு நிழல் எங்கே நகர்ந்தாலும் அதைத் துரத்தக் கூடாது.

இரவுக் காட்சிக்கு ஒரு எச்சரிக்கை. ட்யூப்லைட்டின் நீலம் கலந்த வெண்மையும் குண்டு பல்பின் மஞ்சளும் ஒரே முகத்தில் விழுந்தால் தோலின் நிறத்தைப் பிடிப்பது பெரும்பாடு. ஒன்றை அணைத்துவிடுங்கள். ட்யூப்லைட் தட்டையாக இருக்கிறது, அழகில்லை என்று அதை ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நம் வீடுகளில் இரவுச் சாப்பாடும் வீட்டுப்பாடமும் வீட்டுச் சண்டையும் நடப்பது அந்தத் தட்டை வெளிச்சத்தில்தான். நிழலே இல்லாத அந்தப் பச்சை கலந்த வெண்மையை உள்ளபடி தீட்டினால், எந்த விளக்கொளி அழகையும் விட உண்மையான சலிப்பு படத்தில் வந்து உட்காரும். நிறம் கலக்கும் தட்டான பேலட்டுக்குத் தனி விளக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

படி 5: சட்டமும் கண்மட்டமும்

ஆள் சட்டத்துக்குள் எங்கே இருக்கிறார் என்பதே முதல் மனநிலைத் தீர்மானம். தலைக்கு மேலே நிறைய இடம் விட்டால் ஆள் சிறுத்துத் தனித்துப்போவார். தலை மேல்விளிம்பைத் தொட்டால் அறை நெருக்கும். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டால் வேறு யாரோ படத்துக்கு வெளியே இருப்பதாகத் தோன்றும். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ பிரான்சின் ஆர்ல் நகரில் 1888 இறுதியிலும் 1889 தொடக்கத்திலும் அகஸ்தீன் ரூலேன் என்ற தாயை ஒரே அமைப்பில் 5 முறை தீட்டினார். அவர் கையில் ஒரு கயிறு இருக்கிறது. அந்தக் கயிறு ஆட்டும் தொட்டில் படத்துக்குள் இல்லை. குழந்தையைக் காட்டாமலேயே தாய்மை முழுதையும் அந்தக் கயிறு சொல்லிவிடுகிறது. உங்கள் படத்திலும் சட்டத்துக்கு வெளியே போகும் ஒரு பொருள், ஒரு பார்வை, ஒரு கை இருக்க முடியுமா என்று பாருங்கள்.

கண்மட்டம் நம் வீடுகளில் தனிக் கவனம் கேட்கும் விஷயம். ஐரோப்பியப் படங்களில் ஆள் நாற்காலியில் இருப்பார். நம் வீட்டில் முக்கியமான காரியங்கள் பலவும் தரையில் நடக்கின்றன. தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குபவரை நின்றபடி வரைந்தால் உச்சந்தலையும் தரையும் பெரிதாகி, அவரை அதிகாரத்தோடு மேலிருந்து பார்க்கும் தொனி வந்துவிடும். நீங்களும் தரையில் உட்கார்ந்து, கித்தானைச் சுவரில் சாய்த்து வைத்து வரைந்தால் அவர் சமமானவராக நம்மைப் பார்ப்பார். இரண்டும் சரியே, தெரியாமல் நடந்தால்தான் பிழை.

அறையே இல்லாத படங்களும் உண்டு. இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1935இல் தீட்டிய மூன்று சிறுமியர் படத்தில் பின்னணி வெறுமை. தாழ்ந்த பார்வைகளும் அருகருகே இருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்காத தலைகளும் மட்டுமே மனநிலையைச் சொல்கின்றன. அது பெரிய ஆற்றல் கேட்கும் வழி. தொடக்கத்தில் அறையின் துணை இருப்பது நல்லது.

படி 6: சிறு வரைவுகள்

அஞ்சலட்டை அளவில் குறைந்தது ஆறு வரைவுகள், மூன்று டோன்களில் மட்டும். கண்களைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து திரள்கள் தெரியும். அவற்றை மட்டும் நிரப்புங்கள். படத்தின் பெரும்பகுதி கருமையா, வெளிரா என்பதை இங்கேயே முடிவு செய்ய வேண்டும். பாதிக்குப் பாதி பங்கிட்ட படம் எந்த மனநிலையையும் தருவதில்லை. ஒரு டோன் ஆட்சி செய்ய வேண்டும், மற்றொன்று அதை மறுக்க வேண்டும். இதைத் தாண்டி இந்தப் படியில் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு நேரே கித்தானுக்குப் போகிறவர்கள் பிறகு அதே கித்தானில் நாட்கணக்கில் இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

படி 7: நிறங்களும் தோலும்

டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு), அல்ட்ராமரைன் நீலம் ஆகிய 5 நிறங்கள் போதும். அறையின் சுவரோ துணியோ வற்புறுத்தினால் ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். டென்மார்க் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய், கோபன்ஹேகனில் ஸ்ட்ராண்ட்காடே தெருவில் 30ஆம் எண் வீட்டில் 1898 முதல் 1909 வரை வாழ்ந்தபோது, மனைவி ஈடாவைப் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்து, ஏறக்குறைய சாம்பல் நிறங்களிலேயே தீட்டினார். முகம் தெரியவில்லை, நிறமும் இல்லை. பிடரியில் விழும் சிறு வெளிச்சமும் கதவுகளின் வெறுமையும் மட்டும். நிறத்தைக் குறைப்பதால் மனநிலை குறைந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கித்தானை வெள்ளையாக விடாமல் முதலிலேயே ஒரு மெல்லிய நிறம் பூசிக்கொள்ளுங்கள். பகல் வெக்கைக்கு நீர்த்த சியென்னா, மழைநாள் அறைக்கு நீலச் சாம்பல். அந்த அடி நிறம் இடையிடையே எட்டிப் பார்க்கும்படி விட்டால் ஆளையும் அறையையும் அது ஒன்றாகக் கட்டிவிடும். வுய்யார் பல படங்களில் அட்டையின் பழுப்பையே இப்படி விட்டிருக்கிறார்.

தோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் படங்கள் அதிகம் தோற்பது இங்கேதான். கடையில் "தோல் நிறம்" என்று விற்கப்படும் ட்யூப் நம்மில் யாருடைய தோலும் அன்று. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் சியென்னாவும் அல்ட்ராமரைனும் கலந்த அடர்பழுப்பே அடித்தளம். சியென்னா கூடினால் அது சூடாகும், நீலம் கூடினால் குளிரும். அதை வெளிறச் செய்ய வெள்ளையை மட்டும் சேர்த்தால் சாம்பல் பூசியதுபோல் சோகையாகிவிடும். முதலில் ஓக்கரால் உயர்த்தி, கடைசியில் மட்டும் வெள்ளையைத் தொட வேண்டும். கருமைக்குக் கறுப்பு ட்யூபைப் பயன்படுத்தாமல் நீலமும் கிரிம்சனும் சேர்ந்த இருட்டைப் பயன்படுத்தினால் நிழலுக்குள் உயிர் இருக்கும்.

கருநிறத் தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் தோளிலும் விழும் ஒளிப்புள்ளி தோலின் நிறத்தை அல்ல, எதிரே இருக்கும் ஜன்னலின் நிறத்தைத்தான் காட்டும்: வெளியே வானம் என்றால் நீலம் கலந்த சாம்பல், மாலை என்றால் மஞ்சள். தாடையின் அடிப்பக்கம் புடவையின் நிறத்தை வாங்கும். பச்சைச் சுண்ணாம்புச் சுவருக்கு அருகே இருந்தால் கன்னத்து ஓரத்தில் பச்சை இருக்கும். பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1877 வாக்கில் தம் துணைவி ஒர்த்தான்ஸைச் சிவப்பு நாற்காலியில் அமர்த்தித் தீட்டிய படம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த முகத்தில் சுவர், பாவாடை ஆகியவற்றின் பச்சையும் நீலமும் கலந்திருப்பதைப் பார்க்கலாம். அறை அவர் முகத்தில் ஏறியிருக்கிறது. வீட்டையும் ஆளையும் இணைக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

படி 8: தீட்டும் வரிசை

அகலமான தட்டைத் தூரிகையால், நீர்த்த நிறத்தில், அறையின் பெரிய திரள்களை முதலில் இடுங்கள்: சுவர், தரை, கதவின் இருட்டு, அதன்பின் உடலை ஒரே திரளாக. முகத்துக்கு ஒரு நடுத்தர டோன் போதும், கண் வேண்டாம். தைலவண்ணம் என்றால் முதற்பூச்சு டர்ப்பன்டைன் கலந்து மெலிதாகவும், அடுத்தடுத்த பூச்சுகள் ஆளிவிதை எண்ணெய் கூடியதாகவும் இருக்க வேண்டும். முறை மாறினால் நாளடைவில் மேற்பூச்சு வெடிக்கும். அக்ரிலிக் மேல் தைலவண்ணம் பூசலாம், தைலவண்ணத்தின் மேல் அக்ரிலிக் நிற்காது. மின்விசிறிக்குக் கீழே அக்ரிலிக் பேலட்டிலேயே உலர்ந்துவிடும் என்பதால், ஒரு தட்டையான டப்பாவில் ஈரத் துணி விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு நிறங்களை வையுங்கள். உலர்ந்ததும் அது சற்றுக் கருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் சுற்று விளிம்புகளுக்கானது. உடலின் சுற்றுக்கோட்டை முழுவதும் ஒரே கூர்மையில் வைத்தால் ஆள் கத்தரித்து ஒட்டியவர் போலாகிவிடுவார். இருண்ட முதுகு இருண்ட சுவரோடு சேரும் இடத்தில் விளிம்பைக் கரைத்துவிடுங்கள். பார்ப்பவர் கண் நிற்க வேண்டிய இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கூர்மையாக்குங்கள். அந்த வீட்டில் கரைந்துபோனவர் என்றால் விளிம்பு நிறையக் கரைய வேண்டும். வீட்டைத் தாங்குபவர் என்றால் அழுத்தமான கோடு வேண்டும். அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் (1900–1984) நியூயார்க்கில் தம் வீட்டுக்கு வந்து அமர்ந்தவர்களை நீலக் கோட்டால் வளைத்து, பின்னணியின் சில பகுதிகளைத் தீட்டாமலேயே விட்டார். அந்த மனிதர்கள் அறைக்குள் அடங்க மறுக்கிறார்கள்.

வேலைப்பாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நம் வீட்டில் சுங்கடிப் புடவை, பூப்போட்ட போர்வை, மொசைக் தரை, ஜன்னல் திரை, நாட்காட்டி, எவர்சில்வர் அடுக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணைப் பறிக்கும். மனநிலை வாக்கியத்துக்குத் தேவையானதை முழுக் குரலில் பேசவிட்டு, மற்றவற்றை அடக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் தனிப் பாடம்: அதற்குச் சொந்த நிறம் கிடையாது. ஒரு தூக்குவாளியை உற்றுப் பார்த்தால் நடுவில் ஜன்னலின் வெள்ளை ஒரு நீண்ட கோடாகவும், அதன் இருபுறமும் கரிய பட்டைகளும், அடியில் காவித் தரையின் சிவப்பும், ஓரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் புடவை வளைந்து நீண்டும் தெரியும். அந்த நான்கு பட்டைகளையும் உள்ளபடி இட்டால் போதும், உலோகம் தானாக வந்துவிடும். ஆளின் நிறம் பாத்திரத்திலும் இருப்பதால் இருவரும் ஒரே காற்றில் இருப்பார்கள்.

படி 9: கைகள், பிறகு முகம்

கைகளை முகத்துக்கு முன்பே முடியுங்கள். விரல்களை ஒவ்வொன்றாக எண்ணாமல், கையை ஒரே பொதியாக இட்டு, ஓரிரு விரலை மட்டும் பிரித்துக் காட்டினால் போதும். மடியில் மல்லாந்து கிடக்கும் உள்ளங்கை, முந்தானை நுனியைச் சுற்றும் விரல், முழங்காலை அழுத்தும் உள்ளங்கை ஆகிய மூன்றும் மூன்று வேறு மனநிலைகள்.

முகத்துக்கு வரும்போது படத்தின் மற்ற அனைத்தும் ஏறக்குறைய முடிந்திருக்க வேண்டும். அப்போது முகத்துக்கு எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்பது வியப்பாக இருக்கும். கண்குழிகளை இரண்டு நிழல்களாக மட்டும் இட்டு, தலையின் சாய்வும் கழுத்தின் கோணமும் சரியா என்று பாருங்கள். சாய்வு சரியென்றால் இமைக்கோடு, மூக்கின் அடி நிழல், உதடுகள் சேரும் கோடு ஆகியவை போதும். வாயோரங்களை உயர்த்திச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை வரும். சிரிப்பு ஒரு நொடி நிலை, படமோ பல நாள் நிலை என்பதால் தீட்டிய சிரிப்பு விரைவில் முகமூடியாகிவிடும்.

படி 10: மிகைப்படுத்தலும் நிறுத்துதலும்

இந்த வகைப் படத்தில் ஏதாவது ஒன்றை உண்மையைவிட அதிகமாகச் செய்தாக வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும். தரையைச் சரிக்கலாம், அல்லது சுவரைச் சிவக்க வைக்கலாம், அல்லது கழுத்தை நீட்டலாம். மூன்றையும் சேர்த்துச் செய்தால் அது ஓவியரின் மனநிலையைக் காட்டும் படமாகிவிடும், எதிரே இருப்பவர் காணாமல் போய்விடுவார். உணர்ச்சி என்றால் தடித்த பூச்சும் ஆவேசமான கீற்றுகளும்தான் என்று நினைப்பவர்களுக்கு, ஹாமர்ஷோயின் மெல்லிய சாம்பலை மறுபடி பார்க்கச் சொல்வேன்.

படத்தைக் கண்ணாடியில் காட்டியோ தலைகீழாக வைத்தோ பாருங்கள். திரள்களின் சமநிலை அப்போதும் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்த தூரிகைத் தொடுகை மனநிலை வாக்கியத்துக்கு உதவாது, சாயலை மட்டும் மெருகேற்றும் என்ற கட்டம் வந்ததும் நிறுத்திவிடலாம்.

வீட்டார் பார்க்க வருவார்கள். "என்னம்மா, என்னை இவ்வளவு கறுப்பாப் போட்டுட்டே?" என்ற கேள்வி அனேகமாக நிச்சயம். வெளுப்பாக்கித் தரச் சொல்லும் அந்த வேண்டுகோளுக்குப் பின்னால் ஓவியத்தைவிடப் பெரிய வரலாறு இருக்கிறது. வாதாடி வெல்ல வேண்டியதில்லை. ஆனால் டோனை மாற்றவும் வேண்டாம், ஏனென்றால் முகத்தை மட்டும் இரண்டு படி வெளுத்தால் அறையின் வெளிச்சம் பொய்யாகிவிடும், அதோடு படமும் போய்விடும். அவரை அதே இடத்தில், அதே வேளையில் உட்கார வைத்து, ஒரு வெள்ளைத் தாளைக் கன்னத்தருகே பிடித்துக் கண்ணாடியில் காட்டுங்கள். பெரும்பாலும் பேச்சு நிறத்தை விட்டு நகர்ந்து, பின்னால் தெரியும் ஈயம் பூசிய பித்தளை அண்டா யார் வீட்டுச் சீர் என்பதற்குப் போய்விடும்.

படி 11: உலர்த்தலும் பாதுகாப்பும்

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. உலரும்போது அவை சூடேறித் தாமே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிடுங்கள். டர்ப்பன்டைன் பயன்படுத்தும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அக்ரிலிக்கே நல்லது.

தடித்த தைலவண்ணப் படத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கழித்தே வார்னிஷ் பூச வேண்டும். அக்ரிலிக் சில வாரங்களில் தயாராகிவிடும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும், தாளிப்புப் புகை படியும் சமையலறைச் சுவரிலும் படத்தை மாட்டாதீர்கள். வேறு சுவர் இல்லையென்றால், சட்டத்தின் நான்கு மூலைகளிலும் பின்புறம் சிறு கார்க் துண்டுகளை ஒட்டிவிட்டால் படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும், பூஞ்சை பிடிக்காது. கித்தானின் பின்புறத்தில் அமர்ந்தவரின் பெயர், இடம், ஆண்டு, பயன்படுத்திய வண்ணங்கள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவிட்டு மாட்டுங்கள். பால்பாயின்ட் பேனாவின் மை கித்தானில் ஊறி முன்பக்கம் தெரியக்கூடும்.